பேசா உயிர்களின் சான்று

நுழையும்முன்

உயிர்களை நுணுகி நோக்கிப் பெயரிடுவதிலும் வகைப்படுத்துவதிலும் தமிழருக்கு நெடிய மரபு உண்டு. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்துரைத்த தொல்காப்பிய மரபியல், விலங்கு, பறவைகளின் இளமைப் பெயர்களையும் ஆண்பாற் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் தொகுத்துத் தருகிறது. அவ்வகைப்பாடு கண்ணால் காணும் உருவை அடிப்படையாகக் கொண்டது. உருவழிந்து, ஒரு துண்டு இறைச்சியாகவோ உலர்ந்த குருதிக் கறையாகவோ எஞ்சிய உயிருக்கு எவ்வாறு பெயர் காண்பது? அறிவியல் அதற்குக் கண்ட விடையையும், அவ்விடையால் நீதி பெறும் வலிமையையும் விளக்குகிறது இப்பாடம்.

ஏரியும் வயலும் கடலும்

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப் போற்றப்படுவது பாகூர். அதன் வயல்களுக்கு நீர் வழங்குவது பாகூர் ஏரி. வில்லியனூர்க் கொம்யூனை ஒட்டிப் புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டிற்கும் பொதுவாகப் பரந்து கிடப்பது ஊசுடு ஏரி. இவ்விரு ஏரிகளும் மனிதருக்குப் பயன்படுவதுடன் எண்ணற்ற பறவைகளுக்கும் புகலிடமாக விளங்குகின்றன. நாமக்கோழியும் தாழைக்கோழியும் நீர்ப்பரப்பில் மேய்கின்றன. நத்தைகுத்தி நாரை சேற்றில் இரை தேடுகிறது. குளிர்காலத்தில் ஊசிவால் வாத்துகள் வடபுலத்திலிருந்து வலசை வருகின்றன. ஊசுடு ஏரியின் தன் பகுதியைப் புதுச்சேரி அரசு 2008ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

பாகூர்க் கொம்யூனின் கிழக்கெல்லை வங்கக் கடலாகும். மூர்த்திக்குப்பம், புதுக்குப்பம் முதலிய மீனவச் சிற்றூர்களின் மணற்பரப்பில் ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன.

உயிர்வளம் மிக்க இடங்களில் அதனைக் கவர்வோரும் உளர். நீர்நிலைகளில் கண்ணி வைத்தும் வலை விரித்தும் பறவைகளைப் பிடித்து இறைச்சிக்காக விற்பது நெடுநாளைய சிக்கலாகும். பிடிபட்ட பறவை உயிருடன் இருப்பின் அதன் இனத்தை அறிவது எளிது. இறகு நீக்கப்பட்டு, தலையும் காலும் அகற்றப்பட்டு, துண்டுகளாக நறுக்கப்பட்ட பின் அஃது எப்பறவை என்பதைப் பழுத்த அனுபவமுடைய வனக்காவலராலும் உறுதியாகக் கூற இயலாது.

பெயரறிதலும் சட்டமும்

இவ்வாறு ஒருவர் இறைச்சியுடன் பிடிபடுவதாகக் கொள்க. அவர், ‘இது பண்ணையில் வாங்கிய காடை’ என்கிறார். வனத்துறையினரோ, ‘வயல்வெளியில் பிடித்த காட்டுக் காடை’ என்கின்றனர். இருவர் கூற்றில் எது மெய் என்பதைப் பொறுத்தே அம்மனிதர் வீடு திரும்புவதும் சிறை செல்வதும் அமைகின்றன.

இந்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதில் நான்கு அட்டவணைகள் உள்ளன. புலி, மயில், பங்குனி ஆமை போன்றவை உயர்பாதுகாப்பு வழங்கும் முதல் அட்டவணையைச் சேர்ந்தவை. இவ்வட்டவணையிலுள்ள உயிரினத்தை வேட்டையாடுவோருக்கு 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டமும் விதிக்கப்படலாம். நாட்டுக்கோழிக்கு இச்சட்டத்தில் இடமில்லை. ஆகவே, கைப்பற்றப்பட்ட இறைச்சி மயிலினுடையதா, கோழியினுடையதா என்னும் ஒரு வினாவே குற்றம் உண்டா, இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது.

இச்சட்டத்தின் 57ஆம் பிரிவு இவ்வினாவை மேலும் கூர்மையாக்குகிறது. காட்டுயிரின் இறைச்சியோ உடற்பொருளோ ஒருவர் வசம் இருந்தது மெய்ப்பிக்கப்பட்டால், அவர் அதனைச் சட்டத்திற்குப் புறம்பாக வைத்திருந்ததாகவே நீதிமன்றம் கருதும். அவ்வாறன்று எனக் காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவரையே சாரும். வழக்கறிஞரை அமர்த்த வசதியற்ற ஒரு கூலித் தொழிலாளிக்கு அஃது எளிதன்று. எனவே, அப்பொருள் எவ்வுயிருடையது என்னும் முதற்படியிலேயே பிழை நேராமல் காப்பது அறமாகிறது. குற்றம் புரிந்தவர் தப்புவதும் தீது. புரியாதவர் தண்டிக்கப்படுவதும் தீது. இவ்விரண்டையும் தவிர்க்கத் துணைபுரிவதே வன உயிரினத் தடய அறிவியல்.

உயிரணுவில் எழுதிய ஏடு

ஒவ்வோர் உயிரின் உயிரணுக்களிலும் டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருள் உள்ளது. அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் ஆகிய நான்கு காரங்கள் நான்கு எழுத்துகளைப்போல நீண்ட வரிசையாக அதில் அமைந்துள்ளன. தலைமுறைதோறும் இவ்வரிசை படியெடுக்கப்படுகிறது. படியெடுக்கும்போது அரிதாக ஓர் எழுத்து மாறிவிடும். மாறிய எழுத்து அடுத்த தலைமுறைக்கும் செல்லும்.

ஏட்டுச்சுவடிகளின் வரலாற்றை அறிந்தோர்க்கு இதனை உணர்வது எளிது. ஒரு நூலைப் பலர் பலகாலம் படியெடுத்தபோது பாடவேறுபாடுகள் தோன்றின. ஒரே பிழையைக் கொண்ட இரு சுவடிகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை எனப் பதிப்பாசிரியர் உய்த்துணர்ந்தனர். 1894ஆம் ஆண்டு புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதர் பல சுவடிகளை ஒப்புநோக்கியே பாடங்களை ஆராய்ந்தார். உயிரினங்களின் டி.என்.ஏ.வை ஒப்பிடும் அறிவியலாளரும் இத்தகைய பணியையே செய்கின்றனர். நெருங்கிய உறவுடைய இனங்களில் எழுத்து வேறுபாடு குறைவு. விலகிய இனங்களில் மிகுதி.

முழு டி.என்.ஏ.வையும் படித்தல் இதற்குத் தேவையில்லை. உயிரணுவினுள் ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்பில் தனியே ஒரு சிறு டி.என்.ஏ. வளையம் உள்ளது. மனிதரில் இவ்வளையத்தின் நீளம் 16,569 கார இணைகள் ஆகும். பறவை, மீன் போன்ற பிற முதுகெலும்பிகளிலும் ஏறத்தாழ இவ்வளவே. தடய ஆய்வுக்கு இவ்வளையம் இருவகையில் உதவுகிறது. ஓர் உயிரணுவில் உட்கருவின் டி.என்.ஏ. இரு படிகளே இருக்க, மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் உள்ளது. ஆகவே, வேரற்ற மயிர், பழைய எலும்பு, சமைத்த இறைச்சி ஆகியவற்றிலும் ஏதேனும் சில படிகள் அழியாமல் எஞ்சுகின்றன. மேலும், இவ்வளையத்தின் சில மரபணுக்கள் இனத்திற்கு இனம் தெளிவாக வேறுபடுகின்றன.

அத்தகைய மரபணுக்களுள் இரண்டு பெரிதும் பயன்படுகின்றன. ஒன்று, சைட்டோகுரோம் பி. மற்றொன்று, சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் 1. இரண்டாவது மரபணுவில் சுமார் 650 எழுத்துகள் கொண்ட பகுதியை விலங்கினங்களின் அடையாளக் குறியாகக் கொள்ளலாம் எனக் கனடா நாட்டின் குவெல்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹீபர்ட்டும் அவர்தம் குழுவினரும் 2003ஆம் ஆண்டு முன்மொழிந்தனர். கடைப் பொருள்களின் மீதுள்ள பட்டைக்குறியை ஒப்பதால் இம்முறை ‘டி.என்.ஏ. பார்கோடு’ எனப் பெயர்பெற்றது.

| தெரிந்து தெளிவோம் |
| பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுக்களில் உட்கரு இல்லை. பறவைகளின் சிவப்பணுக்களில் உட்கரு உண்டு. எனவே, கத்தியிலோ சாக்கிலோ படிந்த பறவையின் ஒரு துளிக் குருதியும் டி.என்.ஏ. நிறைந்த தடயமாகிறது. |

துளியைப் பெருக்குதல்

தடயத்தில் எஞ்சும் டி.என்.ஏ. மிகச் சிறிதளவே. அதனைப் படித்தறிய வேண்டுமாயின் முதலில் பெருக்குதல் வேண்டும். அமெரிக்கரான கேரி முல்லிஸ் 1983ஆம் ஆண்டு உருவாக்கிய பாலிமரேஸ் தொடர்வினை அதற்கு வழிகாட்டியது. அவருக்கு 1993ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வினை மூன்று படிகளால் ஆனது. முதலில் சுமார் 95 பாகை செல்சியசில் சூடேற்ற, டி.என்.ஏ.வின் இரு இழைகளும் பிரிகின்றன. பின்னர்ச் சற்றே குளிர்விக்க, ‘பிரைமர்’ எனப்படும் தொடக்கித் துண்டுகள் தமக்குரிய இடத்தில் சென்று பொருந்துகின்றன. மூன்றாவதாக, சுமார் 72 பாகையில் நொதி புதிய இழைகளைக் கட்டியெழுப்புகிறது. ஒவ்வொரு சுற்றிலும் படிகள் இரட்டிக்கின்றன. 30 சுற்றுகள் முழுமையாக நிகழ்ந்தால் ஒரு படி 107 கோடிக்கும் மேற்பட்ட படிகளாகப் பெருகும்.

பெருகிய டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையைக் கருவி படித்தறிகிறது. அவ்வரிசை, ஏற்கெனவே இனம் அறியப்பட்ட உயிரினங்களின் வரிசைகள் அடங்கிய தரவுத்தளத்துடன் ஒப்பிடப்படுகிறது. எவ்வினத்துடன் மிக நெருங்கிப் பொருந்துகிறதோ அதுவே தடயத்தின் பெயராகிறது.

விடுதி அறையில் ஓர் ஆய்வகம்

இம்முறையின் ஆற்றலை உலகறியச் செய்த ஆய்வு திமிங்கில இறைச்சியைப் பற்றியது. வணிக நோக்கிலான திமிங்கில வேட்டைக்குப் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் விதித்த தடை 1986ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. எனினும், ஆய்வு நோக்கில் பிடிக்கப்பட்டவற்றின் இறைச்சி ஜப்பானியச் சந்தைகளில் விற்கப்பட்டது. அதனூடே பாதுகாக்கப்பட்ட இனங்களின் இறைச்சியும் கலந்து விற்கப்படுகிறதா என்னும் ஐயம் எழுந்தது.

ஸ்காட் பேக்கர், ஸ்டீபன் பலும்பி ஆகிய அறிவியலாளர் இருவரும் 1993ஆம் ஆண்டு இதனை ஆராய முற்பட்டனர். திமிங்கில இறைச்சியை நாடு விட்டு நாடு கொண்டுசெல்லப் பன்னாட்டு உடன்படிக்கை தடைவிதித்திருந்தது. சட்டமீறலைக் கண்டறிய வந்தோர் தாமே சட்டத்தை மீறலாகாதன்றோ? ஆகவே, எடுத்துச் செல்லத்தக்க தொடர்வினைக் கருவியை டோக்கியோவின் விடுதி அறைக்கே கொண்டுசென்றனர். கடைகளில் வாங்கிய இறைச்சியிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தனர், அங்கேயே படிகளைப் பெருக்கினர். செயற்கையாக உருவான அப்படிகளை மட்டும் தாயகத்திற்கு எடுத்துச்சென்று படித்தனர். அவற்றுள் வேட்டைக்கு இசைவு பெறாத கூனல் திமிங்கிலம் உள்ளிட்ட இனங்களும் இருந்தமை புலனாயிற்று. 1994ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த அவ்வாய்வு, சந்தைப் பொருளிலிருந்தே வேட்டையின் உண்மையை அறியலாம் என நிறுவியது.

இந்தியாவின் பங்களிப்பு

இத்துறையில் இந்தியாவின் பங்களிப்பும் குறிப்பிடத்தக்கது. ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த சுனில்குமார் வர்மா, லால்ஜி சிங் ஆகிய இருவரும் விலங்கினங்கள் பலவற்றிற்கும் பொதுவாகப் பயன்படும் தொடக்கிகளை உருவாக்கி 2003ஆம் ஆண்டு வெளியிட்டனர். அதற்குமுன், கிடைத்த தடயம் மானுடையதா, மாட்டினுடையதா என ஓரளவு ஊகித்து, அதற்கேற்ற தொடக்கியைத் தேர்ந்து சோதிக்கும் நிலை இருந்தது. ஊகம் பிழைத்தால் சோதனையும் பிழைக்கும்.

சைட்டோகுரோம் பி மரபணுவில் இருபுறமும் பெரும்பாலான விலங்குகளில் மாறாதிருக்கும் பகுதிகளையும், நடுவே இனந்தோறும் மாறும் பகுதியையும் அவ்விருவரும் கண்டறிந்தனர். பல சுவடிகளின் முதலேடும் இறுதியேடும் ஒத்திருக்க, இடையிலுள்ள பாடம் மட்டும் வேறுபடுவதை ஒத்தது இவ்வமைப்பு. மாறாப் பகுதிகளில் தொடக்கிகள் பொருந்தும். மாறும் பகுதி இனத்தைக் காட்டும். அதனால், எவ்வுயிர் என்னும் முன்னூகம் சிறிதுமின்றியே தடயத்தை ஆராய வழி பிறந்தது.

அம்மையத்தின் ஓர் அங்கமான அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களைப் பாதுகாக்கும் ஆய்வகத்தைக் குடியரசுத்தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் 2007ஆம் ஆண்டு நாட்டிற்கு அர்ப்பணித்தார். பல மாநிலங்களின் வனத்துறையினரும் காவல்துறையினரும் தடயங்களை அங்கு அனுப்புகின்றனர். டேராடூனில் 1982ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்திய வன உயிரின நிறுவனமும் இப்பணியை ஆற்றிவருகிறது.

மெய்யும் போலியும்

வன உயிரினச் சந்தையில் பொருளின் பெயரும் உருவும் ஏமாற்றக் கூடியவை. புலிநகம் எனக் கைப்பற்றப்படுபவற்றுள் மாட்டுக் கொம்பைச் செதுக்கிச் செய்த போலிகளும் உண்டு. ஆய்வின்றி அதனைப் புலிநகமாகவே கொண்டால் ஏமாந்து வாங்கியவர் வேட்டைக் குற்றவாளியாகிவிடுவார்.

இதற்கு நேர்மாறானது ‘ஹத்தா ஜோடி’ என்னும் பொருள். இரு கைகள் கூப்பியது போன்ற தோற்றமுடைய அதனை அரிய மூலிகை வேர் எனவும், செல்வம் தருவது எனவும் கூறி விற்றனர். அஃது உலர்த்தப்பட்ட ஆண் உடும்பின் உறுப்பு என்பதை ஆய்வுகள் வெளிப்படுத்தின. வேர் என்னும் பெயருக்குப் பின்னால் எத்தனையோ உடும்புகளின் உயிர் மறைந்திருந்தது. மக்களின் நம்பிக்கையை முதலாகக் கொண்டு நடந்த வணிகத்தை அறிவியல் தோலுரித்துக் காட்டியது.

முத்திரையும் நம்பகமும்

ஆய்வகம் எத்துணைச் சிறந்ததாயினும், அங்குச் சென்றடையும் தடயம் தூயதாக இல்லையெனில் பயனில்லை. பிடிபட்ட இடத்தில் எடுத்த தடயமே ஆய்வகத்தில் படிக்கப்பட்டது என்பதை நீதிமன்றத்தில் ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பித்தல் வேண்டும்.

பாகூரின் வரலாற்றிலேயே இதற்கோர் ஒப்புமை உண்டு. அவ்வூரில் இயங்கிய கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக அளித்த செய்தியைப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. அக்காலத்தில் செப்பேடுகளை வளையத்தில் கோத்து, வளையம் கூடுமிடத்தில் அரச முத்திரை பதிப்பது வழக்கம். முத்திரையை உடைக்காமல் ஏட்டை நீக்கவோ சேர்க்கவோ இயலாது. இன்றைய தடயப் பைக்கு இடும் முத்திரையின் நோக்கமும் இதுவே.

தடயம் சேகரிப்போர் ஒவ்வொரு மாதிரிக்கும் புதிய கையுறை அணிதல் வேண்டும். இல்லையேல் ஒரு பறவையின் டி.என்.ஏ. மற்றொன்றின் தடயத்தில் கலந்துவிடும். இறைச்சித் துண்டைத் தூய ஆல்கஹாலில் இட வேண்டும். இறகை உலர்த்தித் தாளுறையில் வைக்க வேண்டும். டி.என்.ஏ.வைச் சிதைக்கும் ஃபார்மலினைப் பயன்படுத்தலாகாது. எடுத்த இடம், நாள், நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து, சான்றாளர் முன்னிலையில் முத்திரையிடுதல் வேண்டும். பின்னர்த் தடயம் எவரெவர் கைமாறிச் சென்றது என்பதற்கு இடைமுறியாத பதிவு இருத்தல் வேண்டும். ஏரிக்கரையில் நிற்கும் வனக்காவலரின் கையெழுத்தும் ஆய்வக அறிஞரின் அறிக்கையைப் போன்றே இன்றியமையாதது.

வல்லுநர் கருத்துக்கு நீதிமன்றத்தில் இடமுண்டு என 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம் 45ஆம் பிரிவில் வகுத்தது. 2024ஆம் ஆண்டு சூலை முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சான்றுச் சட்டமும் அக்கொள்கையைத் தொடர்கிறது. எனினும், வல்லுநரின் கருத்தை ஆராய்ந்து தீர்ப்பளிப்பவர் நீதிபதியே.

எல்லை அறிதல்

எக்கருவிக்கும் எல்லையுண்டு. காட்டுப்பன்றியும் வீட்டுப்பன்றியும் உயிரியல் நோக்கில் ஒரே இனம். ஆகவே, இனங்காட்டும் எளிய சோதனை இரண்டையும் ‘பன்றி’ என்றே கூறும். எது காட்டில் வாழ்ந்தது என்பதை அறியக் கூடுதல் ஆய்வுகள் தேவை. மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. பெரும்பாலும் தாய்வழியே வருவது. எனவே, இரு இனங்கள் கலந்து பிறந்த உயிரில் தந்தையின் இனத்தை அது காட்டாது. மிகுந்த வெப்பத்தில் சமைக்கும்போது டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும், அப்போது 650 எழுத்துகளுக்குப் பதிலாக 100 அல்லது 200 எழுத்துகளே கொண்ட குறும்பகுதிகளை நாட வேண்டியிருக்கும். ஒப்பிடும் தரவுத்தளத்தில் ஓர் இனத்தின் வரிசை இல்லாவிடில் அவ்வினத்தின் பெயரும் கிடைக்காது. பிழையான பெயருடன் பதிவாகியிருந்தால் விடையும் பிழையாகும்.

தரவுத்தளம் தானே உருவாவதில்லை. பறவையை நேரில் கண்டு, அதன் உருவையும் குரலையும் வாழிடத்தையும் அறிந்து, ‘இஃது இன்னது’ என முதலில் பெயர் சொல்லும் ஒருவர் வேண்டும். அப்பெயரின்மீதே டி.என்.ஏ. வரிசை பதியப்படுகிறது. ஊசுடு ஏரியில் பறவைகளை இனங்கண்டு குறிப்பெடுக்கும் ஆர்வலரும், மூர்த்திக்குப்பத்து மணலில் ஆமைத் தடத்தை அறியும் மீனவரும் இவ்வறிவின் முதற்படியில் நிற்கின்றனர்.

வேட்டையாடப்பட்ட உயிரால் வழக்காட முடியாது. பிடிபட்ட எளியவருக்கோ தம் கூற்றை மெய்ப்பிக்கும் வழி தெரியாது. முறையாக எடுத்து, முறையாகக் காத்து, முறையாகப் படித்த ஒரு சிறு தடயம் இவ்விரு தரப்பினருக்காகவும் பேசுகிறது. அதன் சொல்லை மாசுபடாமல் நீதிமன்றம் வரை கொண்டுசேர்ப்பது மனிதரின் கடமையாகும்.

சொல்லும் பொருளும்

கண்ணி – பறவை பிடிக்கும் சுருக்கு. வலசை – பருவத்திற்கேற்ப இடம்பெயர்தல். வடபுலம் – வடக்கிலுள்ள நிலப்பகுதி. தண்டம் – ஒறுப்புத் தொகை. பாடவேறுபாடு – ஒரே நூலின் படிகளுக்கிடையே காணப்படும் சொல், எழுத்து மாற்றம். நொதி – உயிர்வேதி வினையை விரைவுபடுத்தும் பொருள்.

இலக்கணக் குறிப்பு

பேசா உயிர், மாறாப் பகுதி – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சங்கள்
ஏரியும் வயலும் கடலும் – எண்ணும்மை
எழுதிய ஏடு – பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

பிரித்தனர் – பிரி + த் + த் + அன் + அர்
பிரி – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊர் நீர்நிலைக்கு வரும் பறவைகளின் பெயர்களை ஊர்ப் பெரியோரிடம் கேட்டறிந்து, ஒரே பறவைக்கு வழங்கும் வெவ்வேறு பெயர்களைத் தொகுத்து அட்டவணையாக்குக.
2. ‘தடய அறிவியல் எளியோருக்குத் துணை’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ‘பேசா உயிர்’ – இலக்கணக் குறிப்புத் தருக.
அ) வினைத்தொகை ஆ) ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் இ) பண்புத்தொகை ஈ) வினையெச்சம்

2. பொருத்துக.
அ) கேரி முல்லிஸ் – 1) டி.என்.ஏ. பார்கோடு
ஆ) பால் ஹீபர்ட் – 2) பொதுத் தொடக்கிகள்
இ) லால்ஜி சிங் – 3) பாலிமரேஸ் தொடர்வினை

குறுவினா

1. தடயமாகக் கிடைத்த இறைச்சியை ஃபார்மலினில் இடலாகாது. ஏன்?
2. ‘டி.என்.ஏ. பார்கோடு’ – பெயர்க்காரணம் தருக.

சிறுவினா

1. ஏட்டுச்சுவடிகளின் பாடவேறுபாட்டை டி.என்.ஏ. மாற்றத்துடன் ஒப்பிடுக.
2. திமிங்கில இறைச்சி ஆய்வில் அறிவியலாளர் சட்டத்திற்கு உட்பட்டு நடந்த முறையை விளக்குக.

நெடுவினா

1. வன உயிரினத் தடய அறிவியல் குற்றத்தை மெய்ப்பிப்பதுடன் குற்றமற்றோரையும் காக்கிறது என்பதைப் பாடக் கருத்துகளின்வழி நிறுவுக.